வயசானவங்க மனசு: செருப்பு மாட்டுற நேரத்துல என்கிட்ட கேக்குற கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில ஸ்ரீரங்கம், உறையூர், தில்லை நகர் பக்கம் வீடு வீடா போய் பெரியவங்களுக்கு முட்டி, இடுப்பு, ஸ்ட்ரோக் எக்சர்சைஸ் குடுக்குறதுதான் வேலை, 13 வருஷமா. கூப்பிடுறது முட்டிக்குத்தான். ஆனா முடிச்சிட்டு வாசல்ல செருப்பு மாட்டும்போது மகளோ மருமகளோ பின்னாடியே வந்து குரலைத் தாழ்த்தி "மேடம், ஒண்ணு கேக்கணும்"னு ஆரம்பிப்பாங்க, அது முட்டியைப் பத்தி இருக்கவே இருக்காது. எல்லா வாசல்லயும் கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான். நின்னு நின்னு பதில் சொல்லி அடுத்த வீட்டுக்கு லேட்டாப் போறதுக்கு எழுதியே வச்சிடலாம்னு எழுதிட்டேன். நான் மனநல டாக்டர் கிடையாது, மருந்து விஷயத்துல கடைசி வார்த்தை உங்க டாக்டரோடதுதான்.

வயசானா மனசு டல்லாத்தானே இருக்கும், இதெல்லாம் நார்மல் தானே மேடம்?

இல்லைங்க. அதிகமா கேட்ட கேள்வி இதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். காது மந்தமாகும், முட்டி தேயும், ஒரு பேர் சட்னு வாயில வராது, இதெல்லாம் வயசோட வர்றது. மனசும் கூடவே தேயணும்னு எந்தச் சட்டமும் இல்ல. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில லாரா கார்ஸ்டென்சன்னு ஒரு சைக்காலஜி பேராசிரியை இருக்காங்க, அவங்க டீம் 18லேருந்து 94 வயசு வரைக்கும் உள்ளவங்க கையில பேஜரைக் குடுத்து, ஒரு வாரத்துக்கு ஒரு நாளைக்கு 5 தடவை அது சத்தம் போடும்போதெல்லாம் இந்த நிமிஷம் மனசு எப்படி இருக்குன்னு குறிக்கச் சொன்னாங்க, 5 வருஷம் கழிச்சு அதே ஆளுங்ககிட்ட திரும்பக் கேட்டாங்க, 10 வருஷம் கழிச்சு இன்னொரு தடவை. 2011ல வந்த ரிசல்ட் என்னன்னா, வயசு ஏற ஏற மனசு மேலயும் கீழயும் ஆடுறது குறைஞ்சிருக்கு, மொத்தத்துல நல்ல உணர்ச்சி கூடித்தான் இருக்கு.

அவங்க சொல்ற காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னும் இருக்குற காலம் கொஞ்சம்தான்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சதும் மனுஷன் வேண்டாத உறவு, வேண்டாத சண்டை, ஊர் மெச்சணும்ங்கிற ஆசை எல்லாத்தையும் கழிச்சிட்டு நெருக்கமான நாலு பேரோட நின்னுக்குறான். கல்யாண வீட்டுல யாரோ ஒரு வார்த்தை சொன்னாங்கன்னு நாம மூணு நாள் கொதிப்போம், பாட்டி மட்டும் "விட்றி, அவ பொறந்ததுலேருந்தே அப்படித்தான்"னு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருப்பாங்களே, அதேதான்.

அதனால ஒரு பெரியவர் வாரக்கணக்கா சோர்ந்து கிடந்தா வயசு மேல பழியைப் போட்டு ஃபைலை மூடிடாதீங்க. ஏதோ ஒண்ணு நடந்திருக்கு, அதைத் தேடணும். கீழ இருக்குற பாதிப் பதில் இந்தத் தேடல்தான்.

வருத்தமா இருக்குறதுக்கும் டிப்ரஷனுக்கும் எப்படிங்க வித்தியாசம் தெரியும்?

வருத்தம் வந்து போகும். பேரன் வந்தா முகம் மலரும், அவன் போனா வாடும், அது மனுஷ இயல்பு. டிப்ரஷன்ல பேரன் வந்தாலும் மலராது. டாக்டருங்க முக்கியமா ரெண்டு விஷயம் பாப்பாங்க: நாள் பூரா மனசு கீழேயே இருக்கா, முன்ன பிடிச்ச விஷயத்துல இப்ப பிடிப்பு போச்சா. ரெண்டுல ஒண்ணாவது 2 வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டுப்போயிருந்தா காட்டியே ஆகணும். நான் ரெண்டாவதைத்தான் ரொம்பக் கவனிப்பேன். தினமும் பேப்பரை வரி விடாம படிச்சவர் மடிச்சபடியே வச்சிருக்காரா, சீரியலுக்கு 7 மணிக்கு டான்னு உக்காருற அம்மா டிவி ஓடினாலும் செவுத்தைப் பாக்குறாங்களா, மார்கழில வாசல் நிறைய கோலம் போட்டவங்க ரெண்டு இழுப்போட நிறுத்திட்டாங்களா.

பெரியவங்களுக்குன்னே 1980கள்ல அமெரிக்காவுல ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணாங்க, ஜெரியாட்ரிக் டிப்ரஷன் ஸ்கேல்னு பேரு, சின்ன வெர்ஷன்ல 15 கேள்வி, ஆமா இல்லன்னு சொன்னா போதும். வாழ்க்கை திருப்தியா இருக்கா, அடிக்கடி போரடிக்குதா, வெளிய போறதைவிட வீட்டுலயே கிடக்கலாம்னு தோணுதா, இப்படிப் போகும். இதுல தூக்கத்தையும் பசியையும் பத்திக் கேள்வியே கிடையாது, வேணும்னேதான் விட்டிருக்காங்க, ஏன்னா அது ரெண்டும் வயசுனாலயே மாறும், குழப்பும். 5க்கு மேல ஸ்கோர் போனா டிப்ரஷன்னு முடிவு இல்ல, டாக்டர்கிட்ட போகணும்னு அர்த்தம்.

எங்கம்மா அழுறதே இல்ல, கவலைன்னும் சொல்றதில்ல. உடம்பெல்லாம் எரியுது, வாயு சுத்துதுன்னு மட்டும்தான். ஸ்கேன் எல்லாம் நார்மல்.

நம்ம ஊர்ல டிப்ரஷன் வர்ற வழியே இதுதான். அந்தத் தலைமுறைக்கு "எனக்கு மனசு சரியில்ல"னு சொல்லிப் பழக்கம் கிடையாது, சொன்னா கேக்கவும் ஆள் இல்ல. உடம்பு வலின்னு சொன்னாதான் யாராவது திரும்பிப் பாப்பாங்க. அதனால மனசு சொல்றதை உடம்பு சொல்லுது, தலை கனக்குது, நெஞ்சு படபடங்குது, தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு, கை கால் ஓஞ்சு போச்சுன்னு. நடிப்புன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, வலி நிஜமாவே இருக்கு. டிப்ரஷன் இருந்தா அதே முட்டி வலி ரெண்டு மடங்காத் தெரியும், இதை நான் தினமும் கண்ணால பாக்குறேன். மனசுக்கு வைத்தியம் ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல, முட்டி எக்ஸ்ரேல ஒரு மாத்தமும் இல்லாம, மாடிப்படி ஏறுனவங்க உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. "நார்மல் ரிப்போர்ட், அப்ப மனசுதான்"னு நாமளே முடிவு பண்ணவும் கூடாது. புதுசா வந்த நெஞ்சு வலி, திடீர்னு எடை குறையுறது இதெல்லாம் முதல்ல உடம்பு டாக்டர்தான் பாக்கணும்.

அப்ப ரத்த டெஸ்ட் எதுவும் பாக்க வேணாமா?

வேணும், முதல்லயே வேணும். தைராய்டு குறைஞ்சா ஆள் மந்தமாயிடுவாங்க, அப்படியே டிப்ரஷன் மாதிரியே இருக்கும். பி12 குறைஞ்சாலும் சோர்வு, மறதி, எரிச்சல், பாதத்துல மதமதப்பு. சுத்த சைவம் சாப்பிடுறவங்க, வருஷக்கணக்கா சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவங்க, தினமும் காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரை போடுறவங்க, இவங்களுக்கெல்லாம் பி12 குறைய வாய்ப்பு ஜாஸ்தி. நம்ம வீட்டுப் பாட்டிங்க பல பேர் இந்த மூணுலயும் இருப்பாங்க. அப்புறம் ஹீமோகுளோபின், சுகர், சோடியம்.

சோடியத்தைத் தனியா சொல்றேன். "உப்பு கொறைஞ்சு போச்சு, அட்மிட் பண்ணிட்டோம்"னு சொல்வாங்களே, அதான். பி.பி.க்குக் குடுக்குற சில தண்ணி மாத்திரை (யூரின் அதிகமாப் போக வைக்கிறது), சில டிப்ரஷன் மாத்திரை, இதெல்லாம் சோடியத்தை இறக்கும். இறங்கினா ஆள் குழம்பிப் பேசுவாங்க, தள்ளாடி விழுவாங்க. டாக்டர்கிட்ட போகும்போது சாப்பிடுற எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்துக் கடைப் பொடி உள்பட, ஒரு மஞ்சப்பைல போட்டு அப்படியே எடுத்துட்டுப் போங்க. சீட்டை விட அட்டை நிஜம் சொல்லும்.

மறதி வேற ஆரம்பிச்சிருக்கு. இது டிமென்ஷியாவா, டிப்ரஷனா?

வாசல்ல நின்னு இதுக்குப் பதில் சொல்ல முடியாது, ஆனா எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு பாத்தா ஒரு துப்பு கிடைக்கும். டிமென்ஷியாங்கிற மறதி நோய் மெதுவா, மாசக்கணக்கு வருஷக்கணக்குல வரும், பெரும்பாலும் எப்ப ஆரம்பிச்சுதுன்னு வீட்டுல தேதி சொல்ல முடியாது. டிப்ரஷன் வாரக்கணக்கு, "பொங்கலுக்கு அப்புறம்தான் இப்படி"னு சொல்வாங்க. இன்னொரு வித்தியாசம், டிப்ரஷன்ல இருக்குறவங்க தன் மறதியைத் தானே பெருசா சொல்வாங்க, கேள்வி கேட்டா "தெரியல, விடு"ம்பாங்க. டிமென்ஷியா உள்ளவங்க பல பேர் மறதியே இல்லன்னு சாதிப்பாங்க, பதில் தெரியலன்னா சிரிச்சு மழுப்புவாங்க. ரெண்டும் சேர்ந்தும் வரும்.

மூணாவது ஒண்ணு இருக்கு, அதான் அவசரம். நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க இன்னைக்கு ராத்திரி ஆளைத் தெரியாம உளர்றாங்க, செவுத்துல பூச்சி ஊருதுங்கிறாங்க, காலையில தெளிவு, சாயந்தரம் மறுபடியும் குழப்பம். இதுக்கு டெலிரியம்னு பேரு. யூரின் இன்ஃபெக்‌ஷன், நிமோனியா, முன்னாடி சொன்ன சோடியம், புது மாத்திரை, ஆபரேஷன், ஏன் நாலு நாள் மலச்சிக்கல் கூட காரணமா இருக்கும். காய்ச்சலே இல்லாம இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம் இந்த வயசுல. காத்து கருப்பு, மந்திரிக்கிறதுன்னு ரெண்டு நாளைப் போக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரி.

பயந்து போய் கேக்குறவங்களுக்காக ஒரு கணக்கு: இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல டிமென்ஷியா சுமார் 7.4 சதவீதம்னு 2023ல வந்த தேசிய அளவு ஆய்வு சொல்லுது. அதாவது 100 பேர்ல 92க்கும் அதிகமானவங்களுக்கு அது கிடையாது. கண்ணாடியை எங்க வச்சோம்னு தேடுறது டிமென்ஷியா இல்ல, நானும் தினம் தேடுறேன்.

அப்பா ரிட்டயர் ஆனதுலேருந்து எதுக்கெடுத்தாலும் கோபம். ஆம்பளைங்க அப்படித்தானோ?

ஆம்பளைங்களுக்கு டிப்ரஷன் நிறைய நேரம் கண்ணீரா வராது, கோபமாத்தான் வரும். 35 வருஷம் ஒரு மனுஷனை "சார்"னு கூப்பிட்டிருக்காங்க, கையெழுத்துக்கு வெளிய நாலு பேர் நின்னிருக்காங்க, ஒரு 31ம் தேதி சாயந்தரம் மாலை, சால்வை, கார்ல கொண்டு வந்து விட்டாங்க. மறுநாள் காலையில அவர்கிட்ட யாருக்கும் ஒரு வேலையும் இல்ல. நான் போற ஒரு வீட்டுல பெரியவர் ரிட்டயர் ஆகி 9 வருஷம் ஆச்சு, இன்னும் காலையில எட்டரைக்கு சட்டையை இன் பண்ணி பேனா குத்திட்டு ஹால்ல உக்காந்திருப்பார். கூடவே ஃப்ரிட்ஜ்ல கொத்தமல்லி எந்தத் தட்டுல இருக்கணும்னு மனைவிக்கு மெமோ. பாவம் அந்த அம்மா, அவங்க ஆபீஸுக்குள்ள இவர் வந்து உக்காந்துட்டார், அவங்களுக்கு ரிட்டயர்மென்ட்டும் கிடையாது.

இவங்களுக்கு "ரெஸ்ட் எடுங்கப்பா"ங்கிறது மருந்து இல்ல, அதுதான் நோயே. ஒரு வேலை குடுங்க, பொய் வேலை இல்ல, நிஜமா செய்யலைன்னா வீட்டு ஓட்டமே நின்னுபோற மாதிரி வேலை. கரண்ட் பில், பேரனை ஸ்கூல்ல விடுறது, அபார்ட்மென்ட் தண்ணி லாரி கணக்கு. செஞ்சு முடிச்சதும் குத்தம் கண்டுபிடிக்காதீங்க.

மாமியார் நாங்க ரெண்டு பேர் பேசினாலே "என்னைப் பத்தித்தானே பேசுறீங்க"ங்கிறாங்க. சந்தேக புத்தி ஆயிடுச்சு.

முதல்ல காதைப் பாருங்க. நிஜமாத்தான் சொல்றேன். பாதி வார்த்தைதான் விழுது, நீங்க சிரிக்கிறது தெரியுது, எதுக்குன்னு தெரியல, அவங்க பேர் மட்டும் காதுல விழுது, மீதியை மனசு நிரப்பிக்கும், நல்லவிதமா நிரப்பாது. காது கேக்காதவங்க மெல்ல மெல்ல கூட்டத்தை விட்டு ஒதுங்கிடுவாங்க, அப்புறம் தனிமை, அப்புறம் டிப்ரஷன். 2024ல லான்செட்ங்கிற மருத்துவ இதழோட நிபுணர் குழு டிமென்ஷியாவுக்கு நாம மாத்தக்கூடிய 14 காரணம்னு ஒரு பட்டியல் போட்டுச்சு, அதுல காது கேக்காமை, சரி பண்ணாத கண் பார்வை, டிப்ரஷன், தனிமை நாலுமே இருக்கு. முதல்ல காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு ஈ.என்.டி. பாக்கட்டும், 10 நிமிஷ வேலை. மெஷின் வாங்கினா முதல் மாசம் எரிச்சலா இருக்கும், டப்பாவுலயே வச்சிடுவாங்க, கூட உக்காந்து பழக்கணும். பேசும்போது முகத்துக்கு நேரா, மெதுவா, கத்தாம. கத்தினா திட்டுற மாதிரிதான் இருக்கும்.

காது நல்லா இருந்தும், சாப்பாட்டுல விஷம் வைக்கிறாங்க, நகையைத் திருடிட்டாங்கன்னு உறுதியா சொன்னா அது வேற. வாக்குவாதம் பண்ணி ஜெயிக்க முடியாது, மனநல டாக்டர் பாக்கணும்.

அப்பா தவறி 8 மாசம் ஆச்சு. அம்மா "நேத்து உங்கப்பா ஊஞ்சல்ல உக்காந்திருந்தார்"ங்கிறாங்க. புத்தி பிசகிடுச்சா?

இதைக் கேக்கும்போது எல்லார் குரலும் நடுங்கும். 1971ல வேல்ஸ்ல டூயி ரீஸ்னு ஒரு குடும்ப டாக்டர், துணையை இழந்த 293 பேர்கிட்ட பேசி ஒரு கட்டுரை எழுதினார். அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் போனவரை உணர்ந்திருக்காங்க. பக்கத்துல இருக்குற மாதிரி தோணுனவங்க அதிகம், குரல் கேட்டவங்க, கண்ணால பாத்தவங்களும் உண்டு. அதுல நிறைய பேர் அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல, பைத்தியம்னு சொல்லிடுவாங்களேன்னு. பல பேருக்கு அது ஆறுதலாத்தான் இருந்திருக்கு. 40, 50 வருஷம் அந்த ஊஞ்சல்ல ஒரு ஆளைப் பாத்த கண்ணு, திடீர்னு பாக்காம இருக்குமா?

அம்மா சொன்னா "என்ன சொன்னாரு?"ன்னு கேட்டுட்டுப் பக்கத்துல உக்காருங்க, போதும். கவலைப்பட வேண்டியது எப்பன்னா, "வா, போயிடலாம்"னு அவர் கூப்பிடுறார்னு சொன்னா, பயந்து நடுங்கினா, இல்ல மேல சொன்ன டெலிரியம் மாதிரி குழப்பமும் சேர்ந்து இருந்தா. கண் பார்வை ரொம்பக் குறைஞ்சவங்களுக்கும் ஆளுங்க, பூ, டிசைன்னு இல்லாதது தெரியும், அதுக்குக் கண் டாக்டர்.

துக்கம் எவ்வளவு நாள் இருக்கலாம்? சொந்தக்காரங்க "வருஷம் திரும்பப்போகுது, இன்னும் என்ன"ங்கிறாங்க.

சொந்தக்காரங்களுக்கு என்ன, சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. துக்கத்துக்குக் காலண்டர் கிடையாது, ஆனா போகப் போக இடைவெளி விழணும். நடுவுல ஒரு நாள் நல்லா சாப்பிட்டு, ஒரு ஜோக்குக்கு சிரிச்சு, அப்புறம் சிரிச்சிட்டோமேன்னு அழுது, இப்படித்தான் சரியாகும். ஒரு வருஷம் தாண்டியும் தினமும் முதல் நாள் மாதிரியே ஏக்கம், நானும் போயிருக்கணும்ங்கிற நினைப்பு, ஒரு வேலையும் ஓடலன்னா அதுக்கு நீடித்த துக்கம்னு மருத்துவத்துல தனிப் பேரே இருக்கு, வைத்தியமும் இருக்கு.

16ம் நாள் வரைக்கும் வீடு நிறைய ஆள், 17ம் நாள் ஒருத்தரும் இல்ல. உதவி பண்ணணும்னு நினைக்கிறவங்க மூணாவது மாசம் போங்க.

பழைய கதையையே திரும்பத் திரும்பச் சொல்றார். கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. நிறுத்தச் சொல்லலாமா?

மறதியால அஞ்சு நிமிஷத்துக்கு முன்ன சொன்னதையே சொன்னா அது முன்னாடி சொன்ன டாக்டர் கேஸ். சொன்னோம்னு தெரிஞ்சே சொல்றது வேற. ராபர்ட் பட்லர்னு ஒரு மனநல டாக்டர் 1963ல எழுதினார், வயசானவங்க பழசைப் பேசுறது பொழுதுபோக்கோ புத்தி மந்தமோ இல்ல, வாழ்க்கைக் கணக்கை முடிச்சுப் பாக்குற வேலைன்னு. எது சரி, எது தப்பு, யார் மேல இருக்குற கோபத்தை விடலாம், இதெல்லாம் அந்தக் கதைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும். இதையே ஒரு வைத்திய முறையாவும் இப்பப் பண்றாங்க. (வயசானவங்களை மட்டமா நினைக்கிறதுக்கு ஏஜிஸம்னு 1969ல பேர் வச்சவரும் இவரேதான்.)

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசில்ல. புறநானூறு 243ல ஒரு கிழவர், தண்ணி மேல சாஞ்ச மருதமரத்துக் கிளைல ஏறி, கரையில நிக்கிறவங்க மலைச்சுப் போற மாதிரி துடும்னு குதிச்சு அடி மணலை அள்ளிட்டு வந்தேனே, அந்த இளமை எங்க போச்சுன்னு கேக்குறார், இப்ப பூண் போட்ட பெரிய கம்பை ஊனிக்கிட்டு இருமலுக்கு நடுவுல ரெண்டு வார்த்தை பேசுறவரா. அந்தப் புலவரோட சொந்தப் பேர் கூட நமக்குத் தெரியாது, அவர் ஊனின கம்பைச் சொல்ற தொடித்தலை விழுத்தண்டினார்ங்கிற பேர்தான் நின்னுச்சு.

செய்ய வேண்டியது, அதே கதையில ஒரு புதுக் கேள்வி. "அந்த லாரி டிரைவர் அப்புறம் என்ன ஆனார்?" "அப்ப அம்மா என்ன சொன்னாங்க?" கதை வேற பக்கம் திரும்பும், உங்களுக்கும் புளிக்காது. ஒரே கதை கசப்புலயே சுத்துதுன்னா, எந்தத் தம்பி பங்கு பிரிக்கும்போது ஏமாத்துனான்ங்கிறதுலயே நிக்குதுன்னா, அது கணக்கு முடியல, கவுன்சலிங் உதவும்.

ராத்திரி 2 மணிக்கே முழிச்சுக்கிறாங்க. ஒரு தூக்க மாத்திரை போட்டா என்ன?

எத்தனை மணிக்குப் படுத்தாங்கன்னு கேப்பேன். "எட்டு மணிக்கு." மதியம்? "ஒரு ரெண்டு மணி நேரம்." அப்ப 8 மணி நேரம் தூங்கி முடிச்சாச்சு, 2 மணிக்கு முழிக்காம என்ன பண்ணுவாங்க! வயசானா தூக்கம் மேலோட்டமாகும், சீக்கிரம் வரும், சீக்கிரம் கலையும். மதியத் தூக்கத்தை அரை மணியா குறைங்க, சாயந்தரம் 4க்கு மேல காபி வேணாம், காலை வெயில்ல அரை மணி நேரம் உக்கார வைங்க, படுக்குறதைப் பத்து மணிக்குத் தள்ளுங்க. விடியக்காலை முழிச்சுட்டு மனசு பாரமா இருக்குன்னு சொன்னா மட்டும் அது டிப்ரஷன் அறிகுறி, ரெண்டாவது பதிலைப் பாருங்க.

மெடிக்கல் ஷாப்ல பழைய சீட்டைக் காட்டி வாங்குற அல்பிரசோலம், குளோனசிபாம் மாதிரி மாத்திரைங்கதான் எனக்கு கேஸ் குடுக்குது. அரைத் தூக்கத்துல பாத்ரூம் போய், வழுக்கி, இடுப்பு எலும்பு உடைஞ்சு, அப்புறம் என்னைக் கூப்பிடுவாங்க. பழக்கமும் ஆகும், மறதியையும் கூட்டும். ஏற்கனவே வருஷக்கணக்கா போடுறவங்க இதைப் படிச்சிட்டு இன்னைக்கே நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா ஆபத்து, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார்.

டிப்ரஷன் மாத்திரையும் அதே மாதிரி பழக்கமாயிடும்ல?

ரெண்டும் வேற வேற, எல்லாரும் கலந்துக்குறாங்க. டிப்ரஷன் மாத்திரை போட்டதும் ஜிவ்வுனு எதுவும் இருக்காது, இன்னொண்ணு வேணும்னு ஏங்கவும் வைக்காது. சட்னு நிறுத்தினா தலைசுத்தல் எரிச்சல் வரும், அதனால படிப்படியா நிறுத்துவாங்க, அவ்வளவுதான். வேலை செய்ய பல வாரம் ஆகும், வயசானவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல"னு தூக்கிப் போடுறதுதான் நம்ம வீடுங்கள்ல நடக்குறது. நல்லானதும் உடனே நிறுத்தக்கூடாது, பல மாசம் தொடரணும். சோடியம் பத்தி மேல சொல்லிட்டேன், ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல ஒரு டெஸ்ட் பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. மாத்திரை மட்டும்தான் வழின்னும் இல்ல, கவுன்சலிங் மாதிரி பேசிப் பண்ற வைத்தியமும் தினசரி நடையும் இந்த வயசுலயும் வேலை செய்யும்.

"சீக்கிரம் போய்ச் சேந்துட்டா நல்லது"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. எல்லாப் பெரியவங்களும் சொல்றதுதானே?

நிறைய பேர் சொல்வாங்க, ஆமா. "படுக்கையில விழாம போயிடணும்"ங்கிறது ஒரு வேண்டுதல், சாமிகிட்ட பேசுற பேச்சு. ஆனா "நான் உங்களுக்கு பாரம்", "நான் இல்லன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க", இந்த ரெண்டும் வேற. அதோட நகையைப் பிரிச்சுக் குடுக்குறது, மாத்திரையைச் சேத்து வைக்கிறது, திடீர்னு எல்லார்கிட்டயும் விடைபெறுற மாதிரி பேசுறது இருந்தா அன்னைக்கே செயல்படணும். வயசானவங்க இதுல இறங்கினா சின்னவங்களை விட உயிர் போற வாய்ப்பு அதிகம், அதனால மிரட்டல்னு நினைக்கவே கூடாது.

நேராவே கேளுங்க, "உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா?"ன்னு. கேட்டா நாமளே யோசனை குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு பயப்படுறாங்க, ஆகாது, கேட்டதே பாரத்தைக் குறைக்கும். தனியா விடாதீங்க, மாத்திரை டப்பா, பூச்சி மருந்தெல்லாம் எட்டாத இடத்துக்கு மாத்துங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும், இலவசம், தமிழ்ல பேசலாம், வீட்டு ஆளுங்களும் கூப்பிடலாம்.

டாக்டர்கிட்ட கூப்பிட்டா "எனக்கென்ன பைத்தியமா"ங்கிறார்.

மனநல டாக்டர்னு ஆரம்பிக்காதீங்க. "தூக்கம் சரியில்லல்ல, அதைக் காட்டுவோம்"னு கூப்பிடுங்க, அது பொய்யும் இல்ல. வழக்கமா பாக்குற குடும்ப டாக்டர்கிட்ட முன்கூட்டியே போன்ல சொல்லி வைங்க, அவர் சொன்னா கேப்பாங்க, நாம சொன்னா கேக்க மாட்டாங்க. கவர்ன்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்கள்ல மனநலப் பிரிவு இருக்கு, செலவு கிடையாது. சென்னைக்காரங்களுக்கு கிண்டியில 2024லேருந்து முதியோருக்குன்னே 200 பெட் அரசு ஆஸ்பத்திரி ஓடுது. சென்னையில முதியோர் மருத்துவம் 1970கள்லயே டாக்டர் வி.எஸ்.நடராஜன் ஆரம்பிச்ச துறை, அதனால நம்ம மாநிலத்துக்கு இதுல பழைய அனுபவம் உண்டு.

நான் வெளிநாட்டுல இருக்கேன், அம்மா ஊர்ல தனியா. தினமும் வீடியோ கால் பண்றேன், ஆனாலும் டல்லாத்தான் இருக்காங்க.

தனியா இருக்குறதும் தனிமையும் ஒண்ணு இல்ல. எட்டு பேர் இருக்குற வீட்டுல யாரும் முகம் பாத்துப் பேசாம தனிமையில வாடுறவங்களை வாரம் நாலு பேராவது பாக்குறேன். உங்க கால் எப்படிப் போகுதுன்னு யோசிங்க: "சாப்டியா, மாத்திரை போட்டியா, பி.பி. பாத்தியா, சரி வைக்கிறேன்." அது விசாரணை, பேச்சு இல்ல. அவங்ககிட்ட ஏதாவது கேட்டு வாங்குங்க. வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு, பக்கத்து வீட்டுல யார் வந்திருக்கா, இந்த முடிவை எடுக்கட்டுமா வேணாமா.

1976ல எலன் லாங்கர், ஜூடித் ரோடின்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல ஒரு முதியோர் இல்லத்துல ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு மாடில இருந்தவங்களுக்கு செடியை நீங்களே தேர்ந்தெடுங்க, நீங்களே தண்ணி ஊத்துங்க, எப்ப படம் பாக்கணும்னு நீங்களே சொல்லுங்கன்னு விட்டாங்க. இன்னொரு மாடில செடியைக் குடுத்துட்டு நர்ஸே பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நாள்லயே முதல் மாடிக்காரங்கதான் தெளிவாவும் சந்தோஷமாவும் இருந்தாங்க. சின்ன ஆய்வுதான், ஆனா வேலைக்காரி, சிசிடிவி, ஆர்டர் பண்ண சாப்பாடுன்னு எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிட்டு அம்மாவை ரெண்டாவது மாடில உக்கார வச்சிருக்கீங்களான்னு பாத்துக்குங்க.

முதியோர் இல்லத்துல விட்டா மனசு உடைஞ்சிடுமா? ஊர் என்ன சொல்லும்?

ஊரை விடுங்க. அவங்களே பாத்து, அவங்களே சரின்னு சொல்லிப் போனா நல்லா இருக்காங்க, பேச்சுத் துணை கிடைக்குது. கோயிலுக்குப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் விட்டா உடைஞ்சு போறாங்க. மேல சொன்ன செடிக் கதைதான். ஒரு மாசம் இருந்து பாக்கட்டும், பிடிக்கலன்னா திரும்பி வர ரூம் இருக்கணும்.

வீட்டை எழுதி வாங்கிட்டு இப்ப பிள்ளை பேசவே மாட்டேங்கிறான், அந்த ஏக்கத்துலயே சாப்பிட மாட்டேங்கிறார். கவுன்சலிங் குடுக்கலாமா?

இது பக்கத்து வீட்டம்மா கேட்டது. கவுன்சலிங் குடுக்கலாம், ஆனா இங்க காயம் மனசுல ஆரம்பிக்கல. 2007ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்ல, மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் ஜீவனாம்சம் உத்தரவு போடலாம். பாத்துக்குவேன்ங்கிற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, பாத்துக்கலன்னா 23வது பிரிவுல பத்திரத்தை ரத்து பண்ணவும் வழி இருக்கு. அதனால எழுதும்போதே அந்த நிபந்தனையைப் பத்திரத்துல போடச் சொல்லுங்க. விவரத்துக்கு முதியோர் உதவி எண் 14567. நான் பாத்தவரைக்கும் பெரியவங்க பாதிப் பேர் மனு எழுதிட்டு, "வேணாம், எம்புள்ள மானம் போயிடும்"னு கிழிச்சிடுவாங்க. அவங்க முடிவு அது, ஆனா வழி இருக்குன்னு தெரிஞ்சதுல முதுகு கொஞ்சம் நிமிரும்.

எல்லாம் சரி மேடம், பாத்துப் பாத்து நானே ஓஞ்சு போயிட்டேன். அவங்க செத்துட்டா தேவலைன்னு ஒரு நாள் தோணிடுச்சு. நான் கெட்டவளா?

இல்ல. இதைச் சொல்லி அழாத மருமகளை, மகளை நான் பாத்தது கம்மி, சொல்லாதவங்க சொல்லல, அவ்வளவுதான். அது அவங்க சாகணும்ங்கிற ஆசை இல்ல, எனக்கு ஒரு நாள் தூக்கம் வேணும்ங்கிற ஆசை. வாரத்துல ஒரு அரை நாள் இன்னொருத்தர் பாக்கணும், பெரும்பாலும் அந்த இன்னொருத்தர் ஞாயித்துக்கிழமை டிவி பாத்துக்கிட்டு ஹால்லதான் இருப்பார், "எங்கம்மாவை நீ நல்லா பாத்துக்குற"ன்னு பாராட்டிக்கிட்டு. ரெண்டாவது பதில்ல இருக்குற அந்த 2 வாரக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். 14416 உங்களுக்கும்தான்.

எனக்கு 79 வயசு. இவங்க எல்லாம் என்னைப் பத்திக் கேக்குறாங்க, நான் ஒண்ணு கேக்கலாமாம்மா? எல்லாம் கையை விட்டுப் போயிட்டு இருக்கே, நான் என்னதான் பண்றது?

இதைக் கேட்டவர் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர், ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் என்கிட்ட கை பழகுறவர். அவருக்கு நான் ஆர்தர் ரூபின்ஸ்டீன் கதையைச் சொன்னேன். பெரிய பியானோ கலைஞர், 80 தாண்டியும் கச்சேரி பண்ணார். எப்படின்னு கேட்டதுக்கு மூணு காரணம் சொன்னாராம்: இப்பல்லாம் கம்மியான உருப்படிதான் வாசிக்கிறேன், அதையே அதிகமா சாதகம் பண்றேன், வேகமா போற இடத்துக்கு முன்னாடி கொஞ்சம் மெதுவாக்கிடுறேன், அப்பதான் வேகம் வேகமாத் தெரியும். பால் பால்ட்டெஸ்னு ஒரு ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் நல்லா முதுமையடையுறதுக்கு வழியே இதுதான்னு இந்த உதாரணத்தை வச்சுத்தான் விளக்கினார்.

சார் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், பேத்திக்கு ராமாயணம் முழுசும் சொல்லணும்னு வச்சிருந்தேன், குகப் படலம் மட்டும் சொல்றேன்னார். நாக்கு குழறுதே, சிரிப்பாளேன்னு ஒரு தயக்கம். நான் போற செவ்வாய்க்கிழமையெல்லாம் ரெண்டு பாட்டை என்கிட்ட சொல்லிப் பழகுறார், இடது கையை நான் மடக்கி நீட்டும்போது. கஷ்டமான சீர் வந்தா நிறுத்தி, தண்ணி குடிச்சிட்டு, அப்புறம் ஆரம்பிப்பார்.